கீழ்வரிசைக் கொக்கி

உம் ரிம்த்
6 ஏப்ரல் 2001

அல்லாஹ்வின் பெயரால். தம்பி தைஃபுல்லாவுக்கு அக்கா தர்ஃபா சலாம் சொல்லி எழுதுவது. நீ சுகமா? உன் வீட்டுக்காரி, பிள்ளைகள், ஆடுகள் எல்லாம் சுகமா? எங்களைக் கேட்டால் மூச்சு ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். மகள் ஹிஸ்னாவை எழுதச் சொல்லியிருக்கலாம். இதை அவள் படிக்க வேண்டாம் என்று நானே எழுதுகிறேன்.

உன் மச்சான் சுவைலிமை அடக்கி இன்றோடு பதிமூன்று நாள். நீ வந்தாய், எல்லாருக்கும் பின்னால் நின்றாய், மண் போட்டதும் போய்விட்டாய். திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அதற்கப்புறம் உன்னைக் காணோம். நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிகிறவரை நான் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. கூடப் பிறந்தவன் நீ வருவதற்கு என்ன தடை? நீ வராமல் சர்க்கரை வருகிறது. தண்ணி லாரிக்காரர் போன வாரம் ஒரு மூட்டை இறக்கினார், இந்த வாரம் இன்னொன்று. இத்தனை சர்க்கரையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஒன்று கேட்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை அவர் இரண்டு வெளிநாட்டாரை ஏற்றிக்கொண்டு உன் வாசல் வழியாகத்தான் பாலைக்குள் போனார். அவர்களை ராத்தங்கும் கூடாரத்தில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பும்போது செம்மணல் சரிவில் கவிழ்ந்துவிட்டது. கால் வண்டிக்கு அடியில். மறுநாள் காலையில் ஒட்டகம் மேய்க்கிறவர் பார்த்துத்தான் ஊருக்கே தெரிந்தது. மூச்சு நின்றது விடிகிற நேரத்தில் என்று ஆஸ்பத்திரிக் காகிதம் சொல்கிறது. அவர் கை எட்டுகிற தூரம்வரை மணல் கோடு கோடாகக் கிடந்ததாம்.

பொழுது சாயும்போது உள்ளே ஒரு வண்டி மிச்சமிருந்தாலும் தேடிப் போக வேண்டும். அதைப் பார்க்கத்தானே பாலையைக் காக்கிற பூங்காக்காரர்கள் உன்னை வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள்? அன்று ஏன் ஒருவரும் போகவில்லை? கூடாரத்திலேயே தங்கிவிட்டார் போல என்று நான் நினைத்தேன். நீங்கள் என்ன நினைத்தீர்கள்?

உறையை மாவுப் பசையால் ஒட்டியிருக்கிறேன். லாரிக்காரர் பிரித்திருந்தால் எழுது.

உன் அக்கா
தர்ஃபா


மேற்கு வாசல்
15 ஏப்ரல்

மரியாதைக்குரிய அக்காவுக்கு, சலாம். இங்கே எல்லாரும் நலம். உங்கள் உடம்பும் ஹிஸ்னாவின் உடம்பும் நன்றாக இருக்க துஆ செய்கிறோம். பசை பிரியவில்லை.

நீங்கள் கேட்டதற்கு, பூங்கா அதிகாரிக்கு எழுதிக் கொடுத்ததையே பார்த்து எழுதுகிறேன்.

வருகிறவர்களின் சொந்தக் கார்கள் வாசலோடு நிறுத்தப்படும். நம் ஊர்க் குடும்பங்களின் பதிவு பெற்ற பிக்கப்புகளில்தான் உள்ளே போகலாம். குடும்பத்துக்கு ஒரு வண்டி, ஒரு எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தகரத் தகடு. வண்டி உள்ளே போகும்போது ஓட்டுபவர் தன் தகட்டைப் பலகையின் மேல் வரிசைக் கொக்கியில் மாட்டுவார். திரும்பி வந்ததும் கீழ் வரிசைக்கு மாற்றுவார். பொழுது சாயும்போது மேல் வரிசையில் தகடு இருந்தால் ரோந்து வண்டி தேடப் போகும். அன்று மேல் வரிசை காலி. மச்சானின் எண் 31 கீழ் வரிசையில் இருந்தது. ஆகவே ரோந்து வண்டி போகவில்லை.

இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன். அன்று வெள்ளிக்கிழமை, ஐம்பது வண்டிக்கு மேல் போனது. சாயங்காலம் பலகைப் பக்கம் ஒரே நெரிசல். முத்லக் தன் தகட்டை மாற்ற வந்தது நினைவிருக்கிறது. மற்றது நினைவில்லை.

தேயிலை அனுப்பியிருக்கிறேன். வேலை அதிகம், அதனால்தான் வரமுடியவில்லை.

தம்பி
தைஃபுல்லா


உம் ரிம்த்
19 ஏப்ரல்

தம்பிக்கு அக்காவின் சலாம். உன் குடும்பம் சுகமாக இருக்கட்டும். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, வேறு குறை இல்லை.

தகடு கீழே இருந்தது என்று எழுதிவிட்டாய். செத்துக்கொண்டிருந்த மனுஷன் எழுந்து வந்தா மாட்டினார்?

முத்லக் என்று எழுதினாயே, அதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அதற்கு மூன்று நாள் முன்னால் இரண்டு பேருக்கும் வாசலில் சண்டை. நீயும் அங்கேதான் இருந்திருப்பாய். அன்று ஆள் ஏற்றும் முறை இவருடையது. ஒரு வெளிநாட்டம்மா முத்லக்கின் புது வண்டியைப் பார்த்து விரலை நீட்டியிருக்கிறாள். அவனும் கதவைத் திறந்துவிட்டிருக்கிறான்.

"முறை என்னது. பெயின்ட்டைக் காட்டி ஆள் பிடிக்காதே"ன்னு இவர் சொன்னாராம்.

"அவ விரல நீட்டினா நான் என்ன, ஒடிக்கவா செய்வேன்?"

"விரல் நீட்டினா குடுக்கறதுக்கு இது ஆட்டுச் சந்தையா?"

"உன் வண்டியில ஏத்தி அனுப்பினா அந்தம்மா பல்லுல பாதிதான் ஊர் போய்ச் சேரும், சுவைலிம்!"

எல்லாரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து சொல்லும்போது இவரும் சிரித்தார். ஆனால் அன்று இரண்டு ரொட்டிக்கு மேல் சாப்பிடவில்லை.

இவர் இன்னும் வரவில்லை என்பது தெரிந்தும், ஒருத்தரும் தேடக்கூடாது என்று தகட்டை இறக்கியது அவன்தான். நீ கண்ணால் பார்த்தாயா? பார்த்தேன் என்றோ பார்க்கவில்லை என்றோ ஒரு வரி எழுது. உன் கடிதத்தை என் கொழுந்தன்மாருக்குப் படித்துக் காட்டிவிட்டேன்.

உன் அக்கா
தர்ஃபா


மேற்கு வாசல்
20 மே

மரியாதைக்குரிய அக்காவுக்கு, சலாம். எல்லாரும் நலமாக இருக்க துஆ.

தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பருவம், கூட்டம் ஓயவில்லை.

உங்கள் கொழுந்தன்மார் இங்கே வந்து அதிகாரியிடம் பேசினார்கள். முத்லக்கின் முறையை நிறுத்திவைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் வண்டியைக் கழுவிக் கொண்டுவந்து வரிசைக்கு வெளியே நிறுத்திவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் தேவலை.

நான் பார்த்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை.

ஹிஸ்னாவுக்கு ஒரு செம்மறி அனுப்பியிருக்கிறேன். பால் நன்றாகக் கொடுக்கும்.

தம்பி
தைஃபுல்லா


உம் ரிம்த்
27 மே

தம்பிக்குச் சலாம். நாங்கள் சுகம். செம்மறி வந்தது. சர்க்கரைக்குப் பிறகு தேயிலை, தேயிலைக்குப் பிறகு செம்மறி. அடுத்தது ஒட்டகமா?

முந்தாநாள் முத்லக் பக்கத்துப் பெரியவர்கள் ஒன்பது பேர் இங்கே வந்தார்கள். நான் திரைக்கு உள்ளே இருந்தேன். கொழுந்தன் காப்பி ஊற்றிக் கொடுத்தான். அவர்கள் யாரும் வாயில் வைக்கவில்லை, கோப்பையை முன்னால் தரையில் வைத்துவிட்டார்கள்.

"எங்க பேச்சுக்கு வழி சொன்னாத்தான் இதக் குடிப்போம்"னு பெரியவர் சொன்னார். "எங்க பையன் தகட்டத் தொடல. நம்பலன்னா சத்தியம் வாங்கிக்குங்க. அவன் குடும்பத்த மண்ணை விட்டு அனுப்பற பேச்ச மட்டும் விடுங்க."

"ராத்திரி முழுக்க எங்க அண்ணன் மணலப் பிராண்டிட்டுக் கெடந்தான். அதுக்கு வழி சொல்லுங்க, அப்புறம் குடிங்க"ன்னு கொழுந்தன் சொன்னான்.

கோப்பைகள் ஆறிப்போயின. ஒன்பதும் அப்படியே இருந்தன. அவர்கள் எழுந்து போனபிறகு நான்தான் மணலில் கொட்டினேன். வந்தவர் குடிக்காத காப்பியைக் கொட்டுவது என் வீட்டில் இதுதான் முதல்முறை.

என் இத்தா முடிந்ததும் ஆகஸ்ட் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை சபை கூடும். என் வாய்ச்சொல்லையும் கேட்பார்களாம். நான் சரி என்றால் முத்லக் பெண்டாட்டி பிள்ளைகளோடு கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு வடக்கே போக வேண்டும்.

சரி என்று சொல்லத்தான் இருக்கிறேன். ஆனால் நான் கேட்டதற்கு ஒரு மாதம் கழித்து, பார்த்தேனும் இல்லை பார்க்கவில்லையும் இல்லை என்று எழுதுகிறாய். சின்ன வயதில் நீ தயிரைத் திருடித் தின்றுவிட்டு இப்படித்தான் பேசுவாய். யாருக்குப் பயப்படுகிறாய்? முத்லக் மிரட்டினானா? தகடு எந்த நேரத்தில் இறங்கியது என்றாவது எழுது.

உன் அக்கா
தர்ஃபா


மேற்கு வாசல்
10 ஜூன்

மரியாதைக்குரிய அக்காவுக்கு, சலாம். நலம், நலமே வேண்டுகிறேன்.

யாரும் மிரட்டவில்லை. நேரம் சரியாகத் தெரியாது. வெளிச்சம் இருந்தது. பலகை மேற்குச் சுவரில் இருக்கிறது, மத்தியானத்திலிருந்து வெயில் அதன்மேல்தான். அன்று தகடு தொட முடியாத சூடு.

அக்கா, முத்லக்கை ரொம்ப நெருக்க வேண்டாம். அவர் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள். வடக்கே அவருக்கு யாரும் இல்லை.

தம்பி
தைஃபுல்லா


உம் ரிம்த்
24 ஜூன்

தம்பிக்கு அக்காவின் சலாம். நீ சுகமாக இருக்கிறாயா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்று முத்லக்கின் மனைவி ஃபித்தா வந்தாள். அவளைத் தெரியும் இல்லையா, எதிர் மேட்டில் ஆடு மேய்க்கிறவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உன் காப்பிக்கு வரல. ஒரு கேள்வி கேட்டுட்டுப் போறேன். உன் புருஷன் பொழுதோட எத்தன நாள் வீட்டுக்கு வந்தான்?"

"வாரத்துல மூணு நாலு நாள் வருவாரு. அதுக்கென்ன?"

"அந்த வண்டி இருமறது எனக்குத் தெரியும்டி. சூரியன் இருக்கும்போதே இங்க வந்து நிக்கும். மேற்கு வாசலுக்குப் போய்த் தகட்ட மாத்திட்டு வர்றதுன்னா இருட்டிரும். அவன் பாலைக்குள்ளயிருந்து நேரா கிழக்கால வந்தான். அப்ப அந்த நாளெல்லாம் தகட்ட இறக்கினது யாரு? ஜின் பூதமா?"

அடுப்பில் வைக்க எடுத்த விறகைக் கீழே போட்டேன்.

"என் புருஷனுக்கு வாய் கெட்ட வாய். அத நானே சொல்லுவேன். கை கெட்ட கை இல்ல. அத யோசிச்சுட்டு என்னய வடக்க அனுப்பு."

அவள் போய்விட்டாள். நான் அடுப்பை ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

தம்பி, போன நோன்பு மாதம் உனக்கு நினைவிருக்கும். நான்தான் உன்னிடம் சொன்னேன். "அவரு வாசல் சுத்தி வர்றதுக்குள்ள பாங்கு சொல்லிடறாங்க. ஒரு நாளாவது பேரீச்சம்பழத்த என்னோட உட்கார்ந்து வாயில வைக்கட்டும். தகட்ட நீ மாத்திவிடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டேன். நீ முதலில் முகத்தைச் சுருக்கினாய். "உன்னைத் தூக்கி வளர்த்ததுக்கு இதுகூட இல்லையா?" என்றதும் சரி என்றாய். பெருநாளோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் அவர் வெளிச்சத்தோடு வந்துகொண்டிருந்தார். முறை சீக்கிரம் வந்துவிட்டது போல என்று நானாகவே சொல்லிக்கொண்டேன். சூடான ரொட்டியை அவர் பிய்ப்பதைப் பார்க்க நன்றாக இருந்தது. அதனால் கேட்கவில்லை.

தகடு தொட முடியாத சூடு என்று எழுதியிருக்கிறாய். தொட்டவனுக்குத்தானே தெரியும்?

இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. உன் கையால் பதில் எழுது.

தர்ஃபா


உம் ரிம்த்
15 ஜூலை

தம்பிக்குச் சலாம்.

மூன்று வாரமாகிவிட்டது. லாரிக்காரர் இரண்டு தடவை வெறும் கையோடு வந்தார். கடிதம் இல்லையா என்று கேட்டால், போங்க என்று நீ கையைக் காட்டினாயாம். இந்தத் தடவை சர்க்கரையும் இல்லை. அதிலேயே எனக்குப் பாதிப் பதில் வந்துவிட்டது.

முப்பதாம் தேதி இத்தா முடிகிறது. அதற்குப் பிறகு என் காலை யாரும் கட்டமுடியாது. லாரியில் ஏறி உன் வாசலுக்கே வந்து பலகைக்கு முன்னால் நின்று கேட்பேன். அப்படி வர எனக்கு இஷ்டமில்லை.

வியாழக்கிழமை சபையில் என்னைக் கேட்பார்கள். பொய் சொல்லி ஃபித்தாவை வடக்கே அனுப்ப என்னால் முடியாது. உன் பெயரை என் வாயால் சொல்லவும் முடியாது. உனக்கு முதல் பல் முளைத்தபோது என் விரலைத்தான் கடித்தாய். அதனால், நான் பேச வேண்டிய நாளுக்கு முன்னால் நீ பேசிவிடு. என் பங்கை நான் சொல்லிக்கொள்கிறேன்.

தர்ஃபா


மேற்கு வாசல்
28 ஜூலை

அக்காவுக்கு.

முதலில் முத்லக் வீட்டுக்குப் போனேன். பிறகு அதிகாரியிடம். பிறகு உங்கள் கொழுந்தன்மாரிடம். அந்த வரிசையில்தான் போக வேண்டும் என்று தோன்றியது. முத்லக் கடைசிவரை கேட்டார். பிறகு, "மூணு மாசமா தெனம் உன் எதிர்ல உட்கார்ந்திருந்தேனேடா"ன்னு மட்டும் சொன்னார். உங்கள் பெரிய கொழுந்தன் கையை ஓங்கினார். அடித்திருந்தால் நின்று வாங்கியிருப்பேன்.

நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

பெருநாளுக்குப் பிறகு நான் நிறுத்தப் பார்த்தேன். மச்சான் சிரித்தார். "உங்கக்கா ரொட்டி ஆறிரும்டா, நீ பாட்டுக்கு மாத்து"ன்னார். அதிலிருந்து மாற்றிக்கொண்டேதான் இருந்தேன். அன்று பொழுது சாயும்போது மேல் வரிசையில் ஒரே ஒரு தகடு, 31. ரோந்துக்காரர் சாவியை ஆட்டிக்கொண்டு, "எவனாவது பாக்கியா?"ன்னு கேட்டார். நான் எட்டி எடுத்துக் கீழே மாட்டிவிட்டு, "இல்ல, எல்லாரும் வந்தாச்சு"ன்னேன். மச்சான் உங்களோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்றே நினைத்தேன்.

கிழக்கே ஊருக்குப் பிரிகிற தடம் வாசலிலிருந்து அரை மணி நடைதான். மச்சான் காலையில் உள்ளே போனதும் வீட்டுக்குத் திரும்புவதும் அந்த இடம் வழியாகத்தான். நடந்துபோய் மணலைப் பார்த்திருந்தால் அவர் வண்டித் தடம் போனது மட்டும்தான் இருக்கிறது, திரும்பியது இல்லை என்று தெரிந்திருக்கும். அவர் பின் டயரின் வெட்டு இருட்டிலும் எனக்குத் தெரியும். நடக்கவில்லை. டீ கொதித்துக்கொண்டிருந்தது.

பிறகு உங்கள் முதல் கடிதம் வந்தது. முத்லக் பலகைக்கு வந்தது பொய் இல்லை. பொய் இல்லாத ஒன்றை எழுதிவிட்டு அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வாசல் சாவியைத் திருப்பிக் கொடுத்து வேலையை விட்டுவிட்டேன். இனி ஓட்டுபவர் தன் கையால்தான் தகட்டை மாற்ற வேண்டும், வேறு யார் தொட்டாலும் அந்தக் குடும்பத்தின் முறை போய்விடும் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். முத்லக்குக்கு நேற்று முறை கொடுத்தார்கள்.

உங்கள் வாசலுக்கு வர எனக்கு முகம் இல்லை.

தைஃபுல்லா


உம் ரிம்த்
5 ஆகஸ்ட்

அல்லாஹ்வின் பெயரால். தம்பி தைஃபுல்லாவுக்கு அக்கா தர்ஃபா எழுதுவது. உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நலமா? நீ சாப்பிடுகிறாயா?

சபையில் என் பங்கைச் சொல்லி அனுப்பினேன். நோன்பில் கேட்டது நான், பிறகு கேட்காமல் இருந்ததும் நான் என்று. பெரிய கொழுந்தன் இன்னும் என்னோடு பேசவில்லை. ஒட்டகம் மேய்க்கிறவர் வந்து, அந்தச் சரிவில் யார் வண்டியும் சாயும் என்றார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஃபித்தாவை வரச் சொன்னேன். கோப்பையைக் கொடுத்தேன், வாங்கித் தரையில் வைத்தாள். என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"உன் தம்பி அனுப்பின சர்க்கரையில பாதி மூட்ட. என் புருஷன் மூணு மாசம் சும்மா உட்கார்ந்திருந்தான்ல" என்றாள். கொடுத்தேன். குடித்தாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "ஏண்டி, அந்த வண்டி இருமற சத்தம் இல்லாம என் ஆடுங்ககூடப் பொழுது தெரியாம நிக்குது"ன்னாள். அதற்கப்புறம்தான் நான் சத்தம் போட்டு அழுதேன். இந்த நாலு மாதமும் யார் மேலாவது கோபமாகவே இருந்துவிட்டேன், அழவில்லை.

இப்போது உனக்கு. வெள்ளிக்கிழமை நீ வர வேண்டும். பெரியவர்களைக் கூட்டி வராதே, தனியாக வா. வாசலில் இருக்கிற புது ஆளிடம் எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் புறப்படு. நீ வந்து சேராவிட்டால் யாராவது தேட வேண்டும்.

காப்பி வைப்பேன். உன் கோப்பையை நீ தரையில் வைப்பாய், கேட்க வேண்டியதைக் கேட்பாய். "குடி" என்று சொல்ல என் வாய் உடனே வருமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதமாட்டேன்.

காப்பி ஆறிவிட்டால் எழுந்து போய்விடாதே. கொட்டிவிட்டுத் திரும்ப ஊற்றுவேன்.

உன் அக்கா
தர்ஃபா